சம்மதம் என்றால் ஒன்று

மைசூர்
3 ஆகஸ்ட் 2025

முப்பது வருஷமாக என் பொறுமையைச் சோதித்துவரும் ஆத்துக்காரருக்கு, கோமளம் எழுதுவது.

அம்புஜம் அக்காவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. செப்டம்பர் கடைசிவரை தனியாக எழுந்திருக்கக் கூடாதாம். அத்திம்பேர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், அவளுக்குப் பிள்ளை குட்டியும் இல்லை, நான் ஒருத்திதான். அதனால் அதுவரை மல்லேஸ்வரம் பக்கம் என்னை எதிர்பார்க்காதீர்கள். போனில் நான் குரலை உயர்த்தினால் அக்கா விழித்துக்கொள்கிறாள். உயர்த்தாவிட்டால் உங்கள் காதில் ஏறுவதில்லை. ஆகவேதான் இந்தக் கடிதம்.

இந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். சாம்பார் என்று ஒன்று வருகிறது, பார்த்தாலே குமட்டுகிறது. அக்கா அதையும் "பரவாயில்லடீ" என்று விழுங்குகிறாள்.

இப்போது தொழில். நீங்கள் ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களே என்றுதான் என் தொழில் போனை உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நினைவிருக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொள்வது கேஸ் ஏஜென்சி இல்லை. அப்பா அம்மாவுக்கு ஸ்ராத்தம் என்று கூப்பிடுகிறவர்கள். மடியாகச் சமைக்க ஒரு மாமி, இலையிலிருந்து எள்வரை சாமான், கேட்டால் மந்திரம் சொல்ல வாத்தியார், இவ்வளவுதான் நாம் அனுப்புவது. ஆனால் போனை எடுத்தவுடன் விலையைச் சொல்லாதீர்கள். "யாருக்கு?" என்று கேளுங்கள். அழுதால் அழவிடுங்கள். பதினெட்டு வருஷமாக நான் செய்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சமையல், யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

பால் பாக்கெட்டை வாசலிலேயே விட்டு வைக்காதீர்கள். பூனை வருகிறது.

இப்படிக்கு,
கோமளம்

~

மல்லேஸ்வரம், பெங்களூர்
7 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கோமு,

அக்காவை விசாரித்ததாகச் சொல். பால் பாக்கெட்டை இரண்டு நாள் பூனை குடித்தது, அதற்குப் பிறகு நான் ஜாக்கிரதை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கேட்டால் மயக்கம் போட்டு விழுவாய். நம் தொழிலை நான் தானாக ஓட வைத்துவிட்டேன்! கோடிங் ஒரு எழுத்துகூடத் தெரியாமல்! ஒரு வலைத்தளம் இருக்கிறது. அதில் பெட்டி பெட்டியாக இருக்கும், இழுத்து வைத்து அம்புக்குறி போட்டு இணைக்க வேண்டியதுதான். முதல் பெட்டி, உன் போனுக்கு மெசேஜ் வருகிறது. இரண்டாவது பெட்டியில் ஏ.ஐ. அதைப் படித்து, வருஷாந்திர ஸ்ராத்தமா, புதிதாக யாராவது காலமாகிவிட்டார்களா, சும்மா விலை கேட்கிறார்களா என்று பிரிக்கிறது. மூன்றாவது பெட்டி பதில் அனுப்புகிறது. நான்காவது, சமையல் மாமிக்கும் வரதன் வாத்தியாருக்கும் தகவல் போகிறது. கடைசிப் பெட்டி, அடுத்த வருஷம் தானாகவே ஞாபகப்படுத்துகிறது.

நேற்றுக் காலை காபி கலந்துகொண்டிருந்தேன். போன் "டிங்" என்றது. நான் தொடவே இல்லை கோமு. போய்ப் பார்த்தால் பதில் போயிருந்தது, அவர்களும் சரி என்று சொல்லிவிட்டார்கள். டிகாக்‌ஷன் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் ஆபீஸில் அத்தனை வருஷமும் யாரோ எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். இது நானே செய்தது.

எல்லாப் பதிலும் உன் பெயரில்தான் போகிறது. மாதிரிக்கு ஒன்று உன் சொந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துவிட்டுச் சொல்.

அன்புடன்,
சீனு

~

மைசூர்
11 ஆகஸ்ட் 2025

மகா மேதாவிக்கு,

மாதிரியைப் பார்த்தேன். சீ! வேறு வார்த்தை வரவில்லை.

"வணக்கம்! உங்கள் தந்தையாரின் ஸ்ராத்தம் நெருங்குகிறது! இந்த ஆண்டை மேலும் சிறப்பாக்க கேரட் அல்வா சேர்க்கலாமா? சம்மதம் என்றால் 1 அனுப்பவும்." பக்கத்தில் ஒரு பலூன் படம். கீழே "அன்புடன், உங்கள் கோமளம்". யாருடைய கோமளம்? எந்தக் கோமளம் ஸ்ராத்தத்துக்கு ஆகாத கேரட்டைப் போட்டாள்? உங்கள் அம்மா இருந்திருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பார்.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தையல் பிரிந்துவிடும்போல் சிரித்தாள். "என்னடீ இது, உங்காத்துக்காரர் செத்தவாளுக்கு பர்த்டே கொண்டாடறாரா?" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அந்த ஒரு புண்ணியம் உங்களுக்கு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலூனை எடுங்கள். கேரட்டை எடுங்கள். முடிந்தால் அந்தப் பெட்டிகளையும் எடுத்துவிட்டுப் போனை எடுங்கள். அப்பாவைப் பறிகொடுத்தவனிடம் "ஒன்றை அனுப்பு, இரண்டை அனுப்பு" என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? கரண்டு பில் கட்டுகிறானா அவன்?

கோமளம்

~

மல்லேஸ்வரம்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கோமு,

பலூன் போயிற்று. கேரட் போயிற்று. இனி கோபம் வேண்டாம்.

நீ நம்பமாட்டாய், ஒரு வாரமாக நான் உன் போனைத் தொடவே இல்லை. மேஜை டிராயரில் கிடக்கிறது. எல்லாம் தன்பாட்டுக்கு நடக்கிறது. போன வருஷத்து ஆர்டர்களை எல்லாம் உள்ளே ஏற்றிவிட்டேன், ஒவ்வொருவருக்கும் பத்து நாள் முன்பே ஞாபகக் கடிதம் போய்விடுகிறது. வைட்ஃபீல்டில் அந்த ஹரிஷ் இருக்கிறானே, அவன் ஒரே நிமிஷத்தில் சம்மதம் என்று பதில் போட்டான். அவன் அண்ணா சிங்கப்பூரிலிருந்து அதற்காகவே வருகிறானாம். நீயாக இருந்தால் அவன் அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருப்பாய்.

வைட்ஃபீல்டில் இதே மாதிரி கோடிங் இல்லாமல் செய்கிறவர்கள் மாதாமாதம் கூடுகிறார்கள். போயிருந்தேன். எல்லாரும் என் பிள்ளை வயசுக்காரர்கள். நம் கதையைச் சொன்னதும் ஒருவன், "அங்கிள், அடுத்த மாசம் நீங்களே மேடையேறி காட்டுங்க" என்றான். சாயங்காலம் மெட்ரோவில் திரும்பி வரும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்தது. அன்று எல்லாமே நன்றாக இருந்தது.

அக்கா நடக்க ஆரம்பித்தாளா?

அன்புடன்,
சீனு

~

மைசூர்
30 ஆகஸ்ட் 2025

உங்களுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

முந்தாநாள் மத்தியானம் ஹரிஷ் என் சொந்த நம்பருக்குக் கூப்பிட்டான். அன்று காலை அவனும் அவன் அண்ணாவும் ஸ்நானம் பண்ணி, பஞ்சகச்சம் கட்டி, பட்டினியாக மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே மாமி சமைத்துத் தளிகை எல்லாம் ஆகிவிட்டது. வரதன் வாத்தியார் சங்கல்பத்தை ஆரம்பித்துத் திதியைச் சொல்ல வந்தவர் அப்படியே நிறுத்தினாராம்.

"ஏண்டா, உங்கப்பாக்கு என்ன திதி?"

"கிருஷ்ண பக்ஷ தசமி, மாமா."

"நேத்துதானேடா பிள்ளையார் சதுர்த்தி ஆச்சு? இன்னிக்கு சுக்ல பஞ்சமி. உங்கப்பா திதி போய்ப் பத்து நாளாச்சே!"

போன வருஷம் இருபத்தெட்டாம் தேதி, அதனால் இந்த வருஷமும் இருபத்தெட்டாம் தேதி! இங்கிலீஷ் தேதியில் ஸ்ராத்தம் பண்ண உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உங்கள் அப்பாவுக்கு நீங்களே பங்குனி சுக்ல துவாதசி என்று பண்ணுகிறீர்கள். அவர் போன இங்கிலீஷ் தேதி என்ன என்று கேட்டால் முழிப்பீர்கள். ஆனால் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துவிட்டது. தேதி என்று கேட்டது, தேதியைப் போட்டீர்கள்.

ஆவணி பிறக்கும் முன்பே பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆத்துக்கும் நான் கூப்பிடுவேன். "கோமளம் மாமி கூப்பிடுவா" என்று அவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். அந்த நம்பிக்கையில்தான் இந்த வருஷமும் இருந்தார்கள். வாத்தியாரைப் பதிவு செய்ததும் உங்கள் பெட்டிதான், அவருக்கும் தேதி மட்டும்தான் போயிருக்கிறது.

ஹரிஷ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவன் அம்மா போனை வாங்கினாள். "கோமளம், பத்து நாள் முன்னாடி அவர் வந்து வாசல்ல நின்னிருப்பாரே. நான் டி.வி. பாத்துண்டு உக்காந்திருந்தேனே. பசியோட திரும்பிப் போயிருப்பாரே" என்றாள். நான் என்ன சொல்வேன்? நீங்கள் சொல்லுங்கள், என்ன சொல்வேன்?

என் பெயரைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதை நிறுத்துங்கள். இன்றே நிறுத்துங்கள்.

கோமளம்

~

மல்லேஸ்வரம்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள கோமு,

வைட்ஃபீல்டுக்குப் போய் வந்தேன். ஹரிஷின் அம்மாவை நமஸ்காரம் பண்ணினேன். அவர் எழுந்து காபி கொண்டு வந்து வைத்தார். மஹாளய அமாவாசைக்கு முன்னால் செய்ய ஒரு நாளை வரதன் வாத்தியார் பார்த்துக் கொடுத்திருக்கிறார். தளிகைக்கு நான் ஒரு பைசா வாங்கப் போவதில்லை.

நீ சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு இல்லை. திதி எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் தோன்றவில்லை, ஏன் என்று எனக்கே புரியவில்லை.

இப்போது பஞ்சாங்கத்தை இணைத்துவிட்டேன். ஒவ்வொரு ஆத்துத் திதியையும் வாத்தியாரை அருகில் வைத்துக்கொண்டு சரி பார்த்தேன். கோமு, நிறுத்தச் சொல்லாதே. காலையில் எழுந்தால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. ரிடையர் ஆன பிறகு இரண்டு வருஷம் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், பேப்பரை இரண்டு தரம் படித்தேன். மஹாளயம் வருகிறது, ஆர்டர் குவியும். ஒரு பட்சம் பார். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் என் கையாலேயே அழித்துவிடுகிறேன்.

உன்,
சீனு

~

மைசூர்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள உங்களுக்கு,

அக்கா நேற்று வாக்கர் வைத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். பக்கத்துவீட்டுக் கன்னடத்து அம்மாள் கை தட்டினாள். இவளுக்கு வெட்கம் தாங்கவில்லை, "சும்னே இரிம்மா" என்று உள்ளே திரும்பிவிட்டாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்தேன். "பாவம்டீ, அந்த மனுஷனை ரொம்பப் பிடுங்காதே. பேப்பரை ரெண்டு தரம் படிக்கறவனுக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். நீங்கள் அவளுக்கு எப்போதும் செல்லம்.

சரி. மஹாளயம் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். திதி சரியாக இருந்தால் ஞாபகப்படுத்தட்டும், மாமியை அனுப்பட்டும், சாமானை எண்ணட்டும். எனக்கும் வயசாகிறது, அத்தனை ஆத்துக்கும் எத்தனை நாள் நானே கூப்பிட முடியும்?

ஆனால் ஒன்றே ஒன்று. இன்று யாரோ போய்விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தர் வந்தால், அந்தப் பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. அந்த நிமிஷம் ஒரு மனுஷக் குரல்தான் பேச வேண்டும். அதற்கு மட்டும் போன் உங்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் பேசத் தெரியாமல் "ம், ம்" என்று சொன்னால்கூடப் போதும். இதை நீங்கள் செய்தால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டர் அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

உங்கள்,
கோமு

~

மல்லேஸ்வரம்
11 செப்டம்பர் 2025

கோமு,

சத்தியமாக. அந்த மாதிரி மெசேஜ் வந்தால் பெட்டி பதில் சொல்லாமல் எனக்கு மணி அடிக்கும்படி மாற்றிவிட்டேன். போன் என் சட்டைப் பையில். உன் அக்காவுக்கு என் நமஸ்காரம்.

பதினேழாம் தேதி வைட்ஃபீல்டில் நான் மேடையேறுகிறேன். நீ இருந்திருக்கலாம்.

உன்,
சீனு

~

17 செப்டம்பர் 2025, காலை

ஏன்னா, அக்கா போய்ட்டா. உங்க போன்ல எத்தனை தரம் கூப்பிட்டாலும் எடுக்கலை. அதான் இந்த நம்பருக்குப் போடறேன். உடனே கிளம்பி வாங்கோ.

~

மதிப்பிற்குரிய கோமளம் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த வருத்தம் அடைகிறோம். இந்தக் கடினமான நேரத்தில் நாங்கள் உங்களுடன் இருக்கிறோம். முதல் நாள் தொடங்கிப் பதின்மூன்றாம் நாள்வரை முழுத் தளிகைக்கு 1 அனுப்பவும். பத்தாம் நாள் முதல் மட்டும் என்றால் 2 அனுப்பவும். மஹாளயச் சலுகை இந்த ஞாயிறுவரை மட்டுமே.

அன்புடன்,
உங்கள் கோமளம்

~

நான்தான். விளையாடாதீங்கோ. பிடிச்சுக்க ஒருத்தர் இல்லாம நிக்கறேன்.

~

மன்னிக்கவும். தங்கள் பதில் புரியவில்லை. 1 அல்லது 2 என்று மட்டும் அனுப்பவும்.

அன்புடன்,
உங்கள் கோமளம்

~

சீ

~

தங்கள் கருத்துக்கு நன்றி! எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

அன்புடன்,
உங்கள் கோமளம்

~

மல்லேஸ்வரம்
22 செப்டம்பர் 2025

அன்புள்ள கோமு,

மைசூரில் நான் இருந்த இரண்டு நாளும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது அக்காவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குக்கூட என்னால் வர முடியவில்லை. உனக்குச் சமாதானம் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை, தெரியும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ வேறு யார் மூலமாகவோ கேள்விப்படக் கூடாது.

உன் நிபந்தனைப்படிதான் வைத்திருந்தேன். பதினேழாம் தேதி மேடையில் காட்ட வேண்டுமே என்று அந்த ஒரு காலைக்கு மட்டும் முழுவதும் தானாக ஓடும்படி மாற்றினேன். நடுவில் என்னை நோக்கி மணி அடித்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றிற்று. உன் போனை ஆத்திலேயே டிராயரில் வைத்துவிட்டு, என் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனேன். பெரிய திரையில் பெட்டிகள் எல்லாம் தெரிந்தன. வருகிறவர்கள் பெயரையும் வாசகத்தையும் மறைத்திருந்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மெசேஜ் வந்தது. "பாருங்கள், நிஜமாகவே ஒன்று வருகிறது" என்றேன். ஒவ்வொரு பெட்டியாகப் பச்சையாயிற்று. பதில் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன்.

அது நீ.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் போனைப் பார்த்தேன்.

இப்போது எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். மணி அடிப்பதைத் திரும்பவும் போட்டுவிட்டேன். நட்சத்திரம் கேட்கும் பெட்டியை எடுத்துவிட்டேன். உன் நம்பரைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டேன், இனி எந்தக் காலத்திலும் அதிலிருந்து உனக்குப் பதில் வராது. அது நிச்சயம்.

பதின்மூன்றாம் நாளுக்கு வரட்டுமா? ஒரு வார்த்தை சொல், அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறேன்.

உன்,
சீனு

~

மைசூர்
30 செப்டம்பர் 2025

உங்களுக்கு,

நேற்றோடு பதின்மூன்று நாளும் முடிந்தது. அத்திம்பேரின் தம்பி பிள்ளை வந்து எல்லாம் செய்தான். ஏகாதசியில் போனாள், புண்ணியவதி என்கிறார்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். வாசலில் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், "கோமு" என்றாள், அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் அன்று உங்களைக் கூப்பிட்டேன்.

கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்கு என்ன தெரியும்? மேடை ஆசையும் எனக்குப் புரிகிறது. நீங்கள் ஏறட்டும் என்றுதான் அக்காவும் நினைத்தாள். அழுது தீர்ந்த பிறகு அதை மன்னித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அதே கடிதத்தில், அதே மூச்சில், என் நம்பரைப் பிரித்து வைத்துவிட்டதாக எழுதினீர்களே. அதைப் படித்ததும் எழுந்து போய் நிஜமாகவே வாந்தி எடுத்தேன். இது நடந்த பிறகு உங்களுக்குத் தோன்றிய பரிகாரம் அது. எனக்கு வராதாம்! அப்படியென்றால் அடுத்த முறை நீங்கள் எந்த மேடையிலாவது மணியை அணைக்கும்போது, அது வேறு ஒருத்திக்குப் போகும். அவள் அக்காவோ புருஷனோ கீழே கிடக்கும்போது போகும். என் பெயரில் போகும். அது உங்களுக்கு உறுத்தவில்லை. பெண்டாட்டி மட்டும் தப்பித்தால் போதும் என்றிருக்கிறது.

மஹாளயம் முடிந்துவிட்டது. என் கையாலேயே அழித்துவிடுகிறேன் என்று சொன்னீர்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இனி நான் கேட்கப் போவதுமில்லை.

நேற்று முதல் இங்கே ஒரு புது நம்பர் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு ஆத்துக்கும் நானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் ஹரிஷின் அம்மா. பழைய நம்பரிலிருந்து என்ன வந்தாலும் அது நான் இல்லை என்று சொன்னேன். "நீ எப்படி இருக்கே, அதைச் சொல்லு முதல்ல" என்றாள். வெகுநேரம் பேசினோம். மைசூரில் இருந்துகொண்டே செய்யலாம், மாமிகளும் வாத்தியாரும் எனக்குத் தெரிந்தவர்கள்தானே. அக்காவின் வீட்டை நான் விடப் போவதில்லை.

அந்தப் பெட்டிகள் உங்களுடையவை, வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே செய்தது, எனக்குத் தெரியும். என் பெயரை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் பிடிக்க வேண்டாம். கடிதமும் எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் உட்கார்ந்து கடைசிவரை படித்துவிடுவேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லத் தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், எழுதாதீர்கள்.

கோமளம்